பேணிக்கு ஐந்நூறு

கஞ்சியைக் கொடுக்கு முன் ஜெயந்தா தகரப் பேணியைத் தராசில் வைப்பாள். வெறும் பேணியின் நிறை அவளுக்கு மனப்பாடம். அதைக் கழித்து, மிச்சத்தை வாய்க்குள் பெருக்கி, "ஐந்நூறு" என்று சொல்லித்தான் லியோனின் கையில் கொடுப்பாள்.

"நேற்றும் ஐந்நூறு, இண்டைக்கும் ஐந்நூறு. நண்டு விலைகூட இப்பிடி நிக்கிறேல்லை அக்கா" என்பான் லியோன்.

"பேசாமல் குடி."

"குடிக்கிறன். குடிச்சா என்ன தருவாய்?"

"இன்னொரு ஐந்நூறு."

நாளுக்கு நாலு பேணி. அப்படியென்றால் இரண்டாயிரம் கலோரி. வளர்ந்த ஆம்பிளை ஒருவன் படுத்துக் கிடக்க அது தாராளமாகக் காணும். ஜெயந்தாவின் கணக்கு அதுதான்.

அந்தத் தராசு லியோனுடையது. கடலட்டை காயவைத்து விற்ற காலத்தில் வாங்கினது. இப்போது குசினிக்குள், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. லியோன் அவளுடைய ஒரே தம்பி. நெடுந்தீவில் அப்பன் கட்டின வீட்டில் இரண்டு பேரும்தான். அவளும் கலியாணம் கட்டவில்லை, அவனும் கட்டவில்லை. அவனுக்குப் பிடித்த பெட்டையின் வீட்டார் சண்டைக் காலத்தில் வள்ளமேறி இராமேஸ்வரம் போனார்கள், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு யாராவது கலியாணப் பேச்சு எடுத்தால், "ஒரு அக்காவின்ரை வாயையே தாங்க ஏலாமல் கிடக்கு" என்று தட்டிவிடுவான்.

புரட்டாதி முடிவில் அவனுக்குச் சோறு இறங்க மறுத்தது. பிறகு பாண் மறுத்தது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, சாப்பாடு இறங்குகிற குழலில் கட்டி என்றார்கள். இரண்டு தரம் மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது தரம் ஏற்றுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. நிறை நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. போனால் உடம்பு மருந்தைத் தாங்காது.

அப்போதே டொக்டர், மூக்கால் குழாய் விட்டுச் சாப்பாடு கொடுக்கலாம் என்று சொன்னார். லியோன் தலையை ஆட்டி மறுத்தான்.

"குழாயோடை என்னை வள்ளத்தில ஏத்தாதை அக்கா. இவன் எஞ்சின் பூட்டி வந்திருக்கிறான் எண்டு சனம் சிரிக்கும்."

ஜெயந்தா சிரிக்கவில்லை. டொக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் பயிற்சி எடுத்தனான் டொக்டர். உதுதான் என்ரை தொழில். வாயாலேயே குடுத்து நிறையை நிப்பாட்டிக் காட்டுறன்."

டொக்டர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். இறுக்கிக் கொண்டை போட்ட தலையும், மடிப்புக் கலையாத சேலையும், நகம் ஒட்ட வெட்டிய கைகளும் அவருக்கு நம்பிக்கை கொடுத்திருக்க வேண்டும். "சரி, அடுத்த கிளினிக் வரைக்கும் பாப்பம்" என்றார்.

அவள் வீண் வாய் பேசுகிறவள் அல்ல. அம்மா செத்தபோது அவள் பத்தாம் வகுப்பு. லியோன் அரிவரி வகுப்புத் தாண்டாத பொடியன். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே கிணற்றில் தண்ணீர் அள்ளினாள், மீன் கிழித்தாள், உப்புப் போட்டுக் காயவைத்தாள். குருநகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தம்பியும் வந்து இருக்கலாமோ என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் கருவாடு புரட்டியதைப் பார்த்தவர்கள் உண்டு.

அப்பன் போன பிறகு, லியோன் கடலுக்குப் போகத் தொடங்கின பிறகு, ஊர்காவற்றுறைப் பக்கம் சிஸ்டர்மார் நடத்திய முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகள் எல்லாம் கனடா, சுவிஸ் என்று போய்விட, விட்டுப்போன தாய் தகப்பனைப் பார்க்க ஆள் தேவைப்பட்ட காலம். அங்கேதான் பயிற்சி கொடுத்தார்கள். படுத்த ஆளை எப்படிப் புரட்டுவது, முதுகில் புண் வராமல் எப்படித் துடைப்பது, விழுங்க ஏலாதவருக்கு நாடியை எந்தப் பக்கம் சாய்த்து ஊட்டுவது என்று எல்லாம் படித்தாள். சுவரில் சாப்பாட்டு அட்டவணை ஒன்று தொங்கியது: அரிசி, குரக்கன், பயறு, ஒடியல், கிழங்கு, நூறு கிராமுக்கு எத்தனை கலோரி. மற்றப் பெண்கள் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். ஜெயந்தா பாடமாக்கினாள். நோயாளி என்ன தின்றார் என்று கேட்டால் மற்றவர்கள் "கொஞ்சம் திண்டவர்" என்பார்கள். அவள் இலக்கம் சொல்வாள். அதனாலேயே பிறகு மடத்துவெளியிலும் சுற்றுவட்டத்திலும் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் வேலை அவளுக்குக் குறையாமல் கிடைத்தது. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், கடைசியில் கண்ணை மூடியும் விட்டாள். லியோனுக்கு வருத்தம் என்றதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு பையோடு படகேறினாள்.

முதல் கிழமையே பால்மா சரிவராது என்று தெரிந்துவிட்டது. குடித்த உடனேயே சத்தி எடுத்தான். சோற்றுக் கஞ்சி நாறுகிறது என்றான். ஒத்துக்கொண்டது புழுக்கொடியல் மாக் கஞ்சி ஒன்றுதான். பனங்கிழங்கை அவித்து, பிளந்து, கல்லுப்போலக் காயவைத்தால் புழுக்கொடியல். அதை இடித்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுவது. அந்த வீட்டில் இத்தனை சொல்லு இல்லை. காய்ந்த துண்டும் ஒடியல், மாவும் ஒடியல், கஞ்சியும் ஒடியல். "லியோன், ஒடியல் குடிச்சிட்டியே?" என்று கேட்டால் போதும்.

கட்டிக்குள்ளால் வழிய வேண்டுமே என்று கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சினாள். பேணிக்கு இரண்டு கரண்டி மா, ஒரு சின்னத் துண்டு பனங்கட்டி.

லியோனுடைய வள்ளத்துக் கூட்டாளி இராயப்பு. ஜெயந்தாவைவிடவும் மூத்தவர். பின்னேரங்களில் வந்து கட்டில் காலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, யாருடைய வலை கிழிந்தது, யாருடைய எஞ்சின் நின்றது என்று சொல்லிக்கொண்டிருப்பார். மார்கழியில் ஒருநாள் தன் வளவில் கிண்டிய பனங்கிழங்கை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தார். மண் வாசம் போகாத புதுக் கிழங்கு. லியோன் படுத்தபடியே கையை நீட்டி ஒன்றை வாங்கி மூக்கில் வைத்தான்.

"அக்கா, உதை அவிச்சு, மிளகும் உள்ளியும் போட்டு, தேங்காய்ப்பூவோடை இடிச்சுத் தாவன். ஒரு உருண்டை காணும்."

"தும்பு தொண்டையில பூட்டும்."

"தும்பைக் கிழிச்சு எறி."

"கிழிச்சாலும் பிரயோசனம் இல்லை. அவிச்ச கிழங்கு நூறு கிராமுக்கு நூற்றைம்பது தேறாது. ஒடியல் முன்னூற்றைம்பது. உன்ரை வயித்துக்குப் போற வழி ஊசிக் கண் அளவு. அதுக்குள்ளால பெறுமதியானதைத்தான் அனுப்பலாம்."

"தங்கச்சி, மனுசன் ஆசைப்பட்டுக் கேக்கிறான்" என்றார் இராயப்பு.

"நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை. வள்ளத்தில இடம் கொஞ்சமெண்டால் மீனை ஏத்துவியளோ, ஐசை ஏத்துவியளோ?"

"ரெண்டையும்தான் ஏத்தவேணும். ஐஸ் இல்லாட்டி மீன் நாறிப்போம்."

லியோன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரம் எடுத்தது. ஜெயந்தா அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு இராயப்புவை முறைத்தாள்.

"கிளினிக் முடியட்டும்" என்று தம்பிக்குச் சொன்னாள். "மூண்டாம் மருந்து ஏத்திப்போட்டு வா. வாற வழியிலேயே இடிக்கத் தொடங்குறன்."

"சொன்னதை மறவாதை."

"நான் எதை மறந்தனான்?"

கட்டை அவள் குசினிக்குக் கொண்டுபோனாள். எது வந்தாலும் நிறுப்பது அவளுக்குப் பழக்கம், நிறுத்தாள். இரண்டு கிலோவுக்கு மேலே கொஞ்சம். அவித்து, தோலுரித்து, பிளந்து, முற்றத்தில் பாயில் பரப்பினாள். காய்ந்தால் ஒடியல், நூற்றைம்பது முன்னூற்றைம்பதாகும். அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததில் ஒரு சந்தோசமும் இருந்தது.

காகம் கலைக்கும் வேலையை லியோனிடம் கொடுத்தாள். கட்டில் சன்னலோரம் கிடந்தது. நாள் முழுக்கச் சும்மா படுத்திருப்பவனுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். ஒரு நீளத் தடியைக் கம்பிகளுக்கிடையில் நீட்டிப் பாயைக் காவல் காத்தான். "சூ, கறுப்பா. உனக்குமில்லை, எனக்குமில்லை. அது கலோரிக்குக் காயுது" என்று அவன் காகத்தோடு கதைப்பது குசினிக்குள் கேட்கும்.

மாசி மாதக் கிளினிக்குக்கு விடியப் புறப்பட்டார்கள். தவக்காலம் தொடங்கியிருந்தது. "எனக்குத் தவக்காலம் புரட்டாதியிலேயே தொடங்கீட்டுது. கணக்குப்படி நான் இப்ப உயிர்த்திருக்கவேணும்" என்றான் லியோன். இராயப்புதான் அவனைத் தூக்கிப் படகில் இருத்தினார். தூக்கியவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதை ஜெயந்தா கண்டாள். கண்டும் காணாததுபோல் இருந்தாள். தினமும் தூக்கிப் புரட்டுகிற அவள் கைக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் கையைவிடக் கணக்கை அவள் நம்பினாள். இரண்டாயிரம் இறங்குகிற உடம்பு எங்கே போகும்.

குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கும் சீற்றில் அவனைச் சாய்த்துப் படுக்கவைத்து, யாழ்ப்பாணம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கிளினிக்கில் நிறை பார்ப்பது நிசாந்தினி மிஸி என்ற தாதி. நல்ல பிள்ளை, நோயாளியின் பெயரை மறக்காது. லியோனைக் கைத்தாங்கலாகத் தராசில் ஏற்றியது. முள்ளு நாற்பத்தொன்றில் நின்றது.

"உது பிழை" என்றாள் ஜெயந்தா.

"இல்லையம்மா. இப்பதான் மற்ற ஆக்களையும் பாத்தது."

"திருப்பி ஏத்தும். செருப்பைப் போட்டு ஏத்தும்."

"செருப்போடை ஏத்தினாக் கூடத்தானே காட்டும்?"

"கூடத்தான் காட்டட்டும்."

மிஸி அவளைப் பார்த்தது. பிறகு குனிந்து, லியோனின் காலில் செருப்பை மாட்டி ஏற்றியது. முள்ளு கொஞ்சம் அசைந்தது. நாற்பத்திரண்டைக்கூடத் தொடவில்லை.

"அக்கா, சேட்டுப் பொக்கெற்றுக்குள்ள ரெண்டு கல்லுப் போடன்" என்றான் லியோன்.

டொக்டர் அதிக நேரம் எடுக்கவில்லை. மூன்றாவது மருந்து இல்லை. குழாயும் இனிப் பிரயோசனமில்லை, அதைப் போடவும் உடம்பு தாங்காது. நோகாமல் இருக்க மருந்து தருகிறேன், வீட்டில் வைத்துப் பாருங்கோ என்றார். "வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்பதன் பொருளை ஜெயந்தாவுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எத்தனையோ பேருடைய பிள்ளைகளுக்கு, வெளிநாட்டுக்குப் போன் எடுத்து, அவளே அதை விளக்கியிருக்கிறாள்.

மருந்து வாங்கும் இடத்தில் நிசாந்தினி பக்கத்தில் வந்து நின்றது.

"என்னம்மா குடுத்தனீங்கள்?"

"நாளுக்கு ரெண்டாயிரம் குடுத்தனான். ஒரு நாள் தவறேல்லை."

"ரெண்டாயிரம் இறங்கினா இவ்வளவுக்கு வத்தாதே. என்ன சாப்பாடு?"

"ஒடியல்."

"ஒடியல் எண்டால்?"

"ஒடியல்தான்."

மிஸி ஏதோ கேட்க வாயெடுத்தது. அதற்குள் உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். "கோல் எடுங்கோ அம்மா" என்று விட்டு ஓடிப்போனது.

ஒடியல் எண்டால்? பஸ்ஸில் அந்தக் கேள்வி அவளோடு வந்தது. என்ன விசர்க் கேள்வி, யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒடியல் தெரியாதோ என்று முதலில் கோபம் வந்தது. படகில் லியோனின் தலை அவள் மடியில் கிடந்தது. வெயில் படாமல் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்தாள். கடல் அன்றைக்கு அமைதி. ஒடியல் எண்டால் என்ன?

வீட்டுக்கு வந்து அவனைப் படுக்கவைத்த பிறகு முற்றத்துக்குப் போனாள். மார்கழிக் கட்டு பாயில் முறுகிக் காய்ந்து கிடந்தது. சுளகில் அள்ளித் தகர ரின்னில் போடக் கொண்டுவந்தவள், வழக்கம்போலத் தராசில் வைத்தாள்.

ஒரு கிலோகூட இல்லை.

காகம் கொண்டுபோயிருக்குமோ என்று எண்ணினாள். லியோன் காவல் இருந்த பாய்; ஒரு துண்டும் போயிருக்காது. எல்லாக் கிழங்கும் அங்கேதான் இருந்தது. போனது தண்ணீர் மட்டும்தான்.

கடலட்டை நினைவு வந்தது. கூடை நிறையக் கொண்டுவந்து அவித்துக் காயப்போட்டால் இரண்டு கைக்குள் அடங்கும். அந்தத் தராசில்தான் லியோன் நிறுப்பான். நிறை குறைந்ததென்று அவன் அழுததுமில்லை, காய்ந்ததால் அட்டைக்குள் புதிதாக ஏதோ வந்து சேர்ந்ததென்று சொன்னதுமில்லை. கருவாடும் அப்படித்தான். மீனுக்குள் இருந்தது கருவாட்டுக்குள் இருக்கிறது, இடம் சுருங்கி இருக்கிறது, அவ்வளவுதான். இது அவள் பிறந்து வளர்ந்த முற்றத்துக் காரியம். இதற்கு அட்டவணையும் தேவையில்லை, பயிற்சியும் தேவையில்லை.

கிழங்கும் ஒடியலும் ஒரே சாமான். வெயில் எடுத்த தண்ணீரைத்தான் அவள் அடுப்பில் திருப்பி ஊற்றியிருக்கிறாள். எடுத்த அளவுக்கே திருப்பி ஊற்றியிருந்தால்கூடக் கிழங்குக் கணக்கு வந்திருக்கும். அவள் ஊற்றியது அதைவிடப் பல மடங்கு.

வெறும் பேணியைத் தராசில் வைத்தாள். கஞ்சிக்குப் போடுகிற மாதிரி இரண்டு கரண்டி மாவைப் போட்டாள். இருபது கிராம்தான் வந்தது. முன்னூற்றைம்பது என்பது நூறு கிராம் மாவுக்கு. அவள் அதைக் கஞ்சியின் நிறையால் பெருக்கியிருக்கிறாள். மாவும் ஒடியல், கஞ்சியும் ஒடியல். சொல் ஒன்றென்றால் சாமானும் ஒன்றென்று நினைத்துவிட்டாள்.

பேணிக்கு ஐந்நூறு இல்லை. எழுபது.

குசினி வாசலில் இருந்து போன் எடுத்தாள்.

"மிஸி, நெடுந்தீவு ஜெயந்தா. ஒடியல் எண்டால் கஞ்சி. தண்ணிக் கஞ்சி. நான் மாக் கணக்கைப் போட்டிட்டன்."

நிசாந்தினி மெதுவாகச் சொன்னது: "அம்மா, இந்த வருத்தத்துக்கு… அப்பிடி இல்லாட்டியும்…"

"இல்லாட்டியும் எண்டு சொல்லாதையும் பிள்ளை. நானும் அதைக் கனபேருக்குச் சொன்னனான்."

போனை வைத்துவிட்டு நேரே இராயப்பு வீட்டுக்கு நடந்தாள். அவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். கிழங்கு வேண்டும் என்றாள்.

"இப்பவோ? எல்லாம் முளைச்சுப் பீலி விட்டுது தங்கச்சி. கிண்டினாத் தும்புதான் வரும்."

"தும்பை நான் பாக்கிறன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். நாலைந்து கிண்டிப் பார்த்து எறிந்தார். கடைசியாக, பிந்தி முளைத்தவை கொஞ்சம் கிடைத்தன. மெல்லியவை, விரல் பருமன். மண்ணைத் தட்டிக் கொடுத்தார். அவள் நிறுக்கவில்லை.

அவித்து, தோலுரித்து, நடு ஈர்க்கை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தும்பை ஒவ்வொன்றாக இழுத்தாள். பிறகு மிளகு, உள்ளி, தேங்காய்ப்பூ போட்டு உரலில் இடித்தாள். இடித்ததை அரிதட்டில் தேய்த்து, தேங்காயின் முதற் பாலில் குழைத்தாள். பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுகிற பதம் வந்தது. இதை மார்கழியிலேயே செய்திருக்கலாம். செய்ய அவளுக்குத் தெரிந்தும் இருந்தது. குறுக்கே நின்றது ஒரு இலக்கம்.

உரல் சத்தத்தில் லியோன் விழித்திருந்தான். அவள் வந்து கட்டிலில் இருந்ததும் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"மூண்டாம் மருந்து ஏத்தேல்லையே. பேந்து என்னண்டு இது?"

அவள் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. பேணிக்கு ஐந்நூறு என்று சொன்னது பிழை, எழுபதுதான், நீ கேட்டதைத் தந்திருந்தால் அதைவிட மூன்று மடங்குக்கு மேலே போயிருக்கும், நான்தான் மறித்தனான் என்று, நோயாளியின் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரலில் சொல்லிமுடித்தாள்.

லியோன் அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் தண்ணியே குடிச்சனான்?"

"ஓம்."

"அட்டை காயப்போட்ட வீட்டில."

"ஓம்."

"சும்மா சொல்லக்கூடாது அக்கா. தராசை நல்ல வடிவா வாசிச்சனீ. ஐந்நூறு எண்டு நீ சொல்லேக்கை எனக்கே வயிறு நிறைஞ்சமாதிரிக் கிடந்தது."

அவள் குனிந்து கிண்ணத்தைக் கிளறினாள். அவன் கையை எடுத்து அவள் முழங்காலில் வைத்தான். அதில் பாரமே இல்லை.

"சரி, தா. ஆறப்போகுது."

தலையணையை உயர்த்தி, நாடியைச் சரிக்கட்டி, விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு அவன் நாக்கில் வைத்தாள். அவன் கண்ணை மூடினான். வாய் மெதுவாக அசைந்தது. விழுங்கப் பார்த்தான். தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. கிழங்கு இறங்கவில்லை. இன்னொருதரம் பார்த்தான். அவள் துணியை நாடிக்குக் கீழே பிடித்தாள். "துப்பு. வெக்கப்படாதை" என்றாள். அவன் உடனே துப்பவில்லை. வாயில் வைத்தபடியே நெடுநேரம் இருந்துவிட்டுத்தான் துப்பினான்.

"எப்பிடி?"

"உப்புக் காணாது."

எழுந்து போய் உப்புப் போட்டுக் குழைத்துக்கொண்டு வந்தாள். அவன் விழுங்கப் போவதில்லை என்று தெரிந்துதான் போட்டாள். இரண்டாம் தரம் நாக்கில் வைத்தபோது தலையை ஆட்டினான். இப்ப சரி.

அதன் பிறகு லியோன் அதிகம் கதைக்கவில்லை. நோவு மருந்தில் தூங்கினான். உதடு காயாமல் நனைத்துவிட்டாள், பக்கம் மாற்றிப் படுக்கவைத்தாள், பாதம் குளிர்வதைக் கண்டு சுவாமியாருக்குச் சொல்லி அனுப்பினாள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தபோது போய்ச்சேர்ந்தான். வேறு யாரையும் கிட்ட விடாமல் அவளே குளிப்பாட்டினாள். அவள் தூக்கியவர்களில் அவன்தான் இலேசு.

அடக்கம் முடிந்து சனம் கலைந்த பிறகு ஒருநாள் பின்னேரம் இராயப்பு வந்தார். கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தது. கதிரையை எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயந்தா குசினி வாசலில் இருந்து எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரின். மார்கழியில் அவர் கொண்டுவந்த கட்டு, லியோன் காகம் கலைத்த ஒடியல்.

"உதை ஏன் தங்கச்சி இடியாமல் கடிக்கிறாய்? பல்லுப் போகப்போகுது."

அவள் தாடை நோக நோகச் சப்பினாள்.

"ஒண்டில் இடிச்சு மாவாக்கு. இல்லாட்டி உதை ஆட்டுக்குப் போடு. நான் வாற வரியம் புதுக் கிழங்கு தாறன்."

"ஆட்டுக்குப் போடுறதுக்கே அண்ணை அவன் காவல் இருந்தவன்?" என்றாள். வாயில் இருந்ததை விழுங்கினாள். அது இறங்கும்வரை பொறுத்தாள். "நூறு கிராமுக்கு முன்னூற்றைம்பது கிடக்கு."

ரின்னுக்குள் கையை விட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.